கெடிலக்கரைப் பாதை

கடலூர்
9-2-2025

அன்புத் தங்கை ஜெயராணிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் பவானியும் சுகம். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை தங்கராசுவின் சுகத்துக்கும் எழுது.

உன் காது இனிப் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். இத்தனை வருஷம் நர்ஸாக நின்று அடுத்தவர் முனகலைக் கேட்ட காது. உனக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு தடவை பேசி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் நீ அதைக் கேட்க முடியாதே என்று உறைத்தது. தட்டி எழுத என் விரலுக்கு வரவில்லை. அதனால் தபால் ஆபீசுக்குப் போய் இன்லேண்ட் லெட்டர் கேட்டேன். அங்கிருந்த பெண் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

இங்கே புதிதாக ஒரு பிரச்சினை. எங்கள் நகரில் கொல்லைச் சுவரை ஒட்டிக் கெடிலம் ஆற்றின் கரை போகிறதல்லவா, அதில் நடைபயிற்சிப் பாதை போடப் போகிறார்களாம். நத்தமேட்டில் தொடங்கி, எங்கள் வீடுகளின் பின்பக்கமாக வந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் முடியுமாம். சிமெண்ட் கல் பதித்து, விளக்கு போட்டு, உட்காரப் பெஞ்சும் வைப்பார்களாம். அளந்து கல்லும் நட்டுவிட்டார்கள். எங்கள் நகர்ச் சங்கத்தில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. செயலாளர் பழனிவேல் சார் பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், விவரமான ஆள். “பொதுப் பாதைன்னு போட்டுட்டா யார் வேணா வருவான் சார், யாரக் கேக்க முடியும்?” என்கிறார். அதுவும் நியாயமாகத்தான் தெரிகிறது.

எனக்கு முழங்கால் வலிதான் தொந்தரவு. சுகர் கட்டுக்குள் இருக்கிறது. பதில் போடு.

அன்புடன் அண்ணன்,
திருநாவுக்கரசு


சிதம்பரம்
17-2-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் நலம். உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது. அவர் படித்துவிட்டு, “ரிட்டயர் ஆகியும் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரியே இருக்கு” என்று சிரித்தார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். காதில் மாட்டுகிற மெஷின் வாங்கியிருக்கிறோம். போட்டால் பேச்சு கேட்பதில்லை, ஃபேன் சத்தம்தான் ஜாஸ்தியாகக் கேட்கிறது. மேஜையில் வைத்துவிட்டேன்.

பாதை விஷயம் படித்ததும் சந்தோஷப்பட்டேன் அண்ணே. நீங்கள் பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் ராசம்மாள் ஞாபகம்தான் வந்தது. ஹாஸ்டல் சமையலுக்கு அந்தக் கரை மண்பாதையில்தானே தினமும் போய் வருகிறாள். மழை வந்துவிட்டால் சேற்றில் கால் வைக்க முடியாது, மெயின் ரோட்டில்தான் போகவேண்டும். அந்த ரோட்டில் கரும்பு லாரிக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு முழம் இடம்கூட இருக்காது. நத்தமேட்டுப் பொம்பளைகள் எல்லோருக்கும் இதே கதிதான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிறவளும் அப்படித்தான் போகிறாள். அம்மா இறந்த பிறகு அத்தை தன் மகள் ராசம்மாளோடு நம்மையும் சேர்த்து வளர்த்தபோது, அந்தக் கரைமேல்தானே நாம் மூன்று பேரும் பள்ளிக்கூடம் போனோம். இத்தனை காலம் கழித்து இப்போதாவது அதற்கு ஒரு விளக்குப் போடுகிறார்கள்.

பாதை வந்துவிட்டால், ராசம்மாள் வேலை முடிந்து திரும்பும்போது உங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று “மாமா” என்று கூப்பிடுவாள். அண்ணி சுவருக்கு மேலேயே காப்பி நீட்டலாம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

உங்கள் தங்கை,
ஜெயராணி


கடலூர்
24-3-2025

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம்தான். பதில் போடத் தாமதமாகிவிட்டது. பவானியின் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று காட்டுமன்னார்கோயில் போய்ச் சில நாள் தங்கிவிட்டோம். போகும்போது சிதம்பரத்தில் இறங்கி உன்னைப் பார்க்க நினைத்தோம், பஸ் நேரம் ஒத்துவரவில்லை.

பாதை விஷயத்தில் நீ ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறாய். எங்கள் நகரில் எல்லோரும் வயதானவர்கள். பிள்ளைகள் வெளியூரில். போன மாதம் ஒரு வீட்டில் கொல்லைப் பக்கம் காயப்போட்டிருந்த துணி காணாமல் போயிற்று. சாயங்காலமானால் கரையில் பாட்டிலோடு உட்காருகிறார்கள். விளக்கும் பெஞ்சும் போட்டால் அது இன்னும் வசதியாகிவிடாதா என்று கேட்கிறார்கள்.

ஏப்ரல் கடைசியில் கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் வந்து இரு பக்கத்துக் கருத்தையும் கேட்கப் போகிறார்கள். பழனிவேல் சார் வீட்டுக்கே வந்தார். “நீங்க மொதல்ல பேசுங்க சார். உங்க பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும்” என்றார். சங்கத்தில் என்னைவிடப் பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இருந்தும் என்னைக் கேட்டார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

வெயில் இப்போதே கொளுத்துகிறது. மாப்பிள்ளையை மத்தியானத்தில் வெளியே விடாதே.

அன்புடன்,
திருநாவுக்கரசு


சிதம்பரம்
2-4-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நலம். அண்ணியின் அக்காவுக்காக ஜெபம் பண்ணிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ராசம்மாளைப் பற்றி நான் எழுதியதற்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை. அதனால் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு நத்தமேடுதான் ஊர் என்று அந்த நகரில் யாருக்காவது தெரியுமா?

உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம் ஞாபகம் இருக்கிறது. ராசம்மாள் முதல் நாளே வந்து அண்டா குண்டாவெல்லாம் கழுவி அடுக்கினாள். மறுநாள் விடியுமுன் அவளைக் காணோம். எங்கே என்று கேட்டதற்கு, “அவளுக்கு வேல இருக்காம்” என்றீர்கள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. விசேஷ நாளில் சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவளும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

நீங்கள் எழுந்து பாதை வேண்டும் என்று பேச வேண்டாம் அண்ணே. அது உங்களுக்குச் சங்கடம் என்றால் எனக்குப் புரிகிறது. கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடுங்கள். முழங்கால் வலி என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லையே. பேசாமல் இருந்தால் போதும்.

தங்கை,
ஜெயராணி


கடலூர்
19-5-2025

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் நலமாக இருக்கிறேன். உன்னையும் மாப்பிள்ளையையும் பற்றிய நினைப்பாகவே இருக்கிறது.

இந்த வருஷம் பலா நல்ல காய்ப்பு. காடாம்புலியூரிலிருந்து என்னோடு வேலை பார்த்த ஒருவர் இரண்டு பழம் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றைச் சிதம்பரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பலாம் என்றால் பவானி, வெடித்துவிடும் என்று சொல்லிவிட்டாள். சுளை எடுத்து டப்பாவில் போட்டு, முந்திரிப் பருப்போடு சேர்த்துக் கூரியரில் அனுப்பியிருக்கிறாள். கிடைத்ததா என்று எழுது.

முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. பாதை எங்கள் பக்கம் வராது போலிருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும்.

அன்புடன்,
திருநாவுக்கரசு


சிதம்பரம்
8-7-2025

அண்ணனுக்கு,

பலாச்சுளை வந்தது. பருப்பும் வந்தது. ஆனித் தேருக்கு இங்கே நல்ல கூட்டம். ராசம்மாள் மகள் கனிமொழி இங்கே ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. தேரன்று லீவு போட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாண மண்டபத்துக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். முதலில் பேச்சை மாற்றப் பார்த்தாள். அப்புறம் எல்லாவற்றையும் எனக்கு எழுதிக் காட்டினாள்.

நத்தமேட்டிலிருந்து முப்பது பொம்பளைகள் வந்திருந்தார்களாம். தங்கள் சார்பில் பேச ராசம்மாளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என்ன பேச வேண்டும் என்று கனிமொழி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவள் அடுப்படியில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாளாம். எட்டு வருஷம் முன்பு அந்த ரோட்டில் அடிபட்டுச் செத்த பிள்ளையில் ஆரம்பித்து எல்லாம் ஞாபகம் வைத்திருந்தாளாம்.

முதலில் நீங்கள் மைக்கைப் பிடித்திருக்கிறீர்கள். “அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றவுங்க எப்படிப்பட்டவுங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க வீடுங்கள்ல வயசானவுங்க இருக்கோம். எங்களுக்கு நிம்மதி வேணும்” என்று சொன்னீர்களாம். ராசம்மாள் மூன்றாவது வரிசையில் உங்களுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் அதிகாரி, “நத்தமேட்டுத் தரப்புல யாரு பேசறீங்க?” என்று கேட்டிருக்கிறார். ராசம்மாள் எழுந்தாள். மைக் கிட்டே போனாள். உங்களைப் பார்த்தாள். “சொல்றதுக்கு ஒண்ணுமில்லிங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்து உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளிப் பார்த்தார்கள், கிள்ளிப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. வேறு யாருக்கும் சட்டென்று பேச வரவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

“ஏம்மா பேசல?” என்று மகள் கேட்டதற்கு, “நாக்கு ஒட்டிக்கிச்சு” என்றாளாம். அவள் நாக்கு எப்போது ஒட்டியது அண்ணே?

ஜெயராணி


சிதம்பரம்
20-9-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அவர் போன் பண்ணியபோது அண்ணி, நீங்கள் நலம் என்று சொன்னாராம். ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று தெரியவில்லை.

போன கடிதத்தில் கடைசியில் சுகம் கேட்காமல் முடித்துவிட்டேன். அது எனக்கே மனசில் கிடந்து உறுத்துகிறது. கோபம் தீரவில்லை, ஆனாலும் சுகம் கேட்கிறேன்.

நத்தமேட்டில் பொம்பளைகள் ராசம்மாளோடு சரியாகப் பேசுவதில்லையாம். நகர்க்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு வாயை மூடிவிட்டாள் என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். தண்ணீர்க் குழாயில் அவள் குடம் வைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அவள் யாரிடமும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை.

இன்னொன்று கேள்விப்பட்டேன். பாதை இல்லை என்று ஆன பிறகு, இருந்த மண்பாதைக்கும் உங்கள் சங்கத்தார் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள் என்று கனிமொழி எழுதிக் காட்டினாள். அது உண்மையா? ஆற்றங்கரை எப்போது உங்கள் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று?

பதில் போடுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தங்கை,
ஜெயராணி


கடலூர்
12-10-2025

அன்புத் தங்கை ஜெயராணிக்கு,

நான் சுகம் என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

கேட் போட்டது உண்மை. அது என் யோசனை இல்லை. கூட்டத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதே கூட்டத்தில் யாரோ, “அப்படியே ஒரு கேட்டும் போட்டுடலாம்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தோளில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்ல அப்போது என்னால் முடியவில்லை. ஆளுக்கொரு சாவி கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று.

மண்டபத்தில் நான் யாரையும் மனதில் வைத்துப் பேசவில்லை என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

அவள் மூன்றாவது வரிசையில் இருந்ததை நான் மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பேசினேன். அவள் எழுந்து வந்தாள். வாயைத் திறந்தால் முதலில் “மாமா” என்றுதான் வரும், அதற்கு மேல் என்ன பேசினாலும் யாருக்கும் காதில் ஏறாது என்று நினைத்தேன். இவள் பேசிவிடக் கூடாது என்று அந்த நேரத்தில் சாமியை வேண்டிக்கொண்டேன் ஜெயராணி. அவள் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அன்று இரவு தூக்கமும் நன்றாக வந்தது. அதுதான் இப்போது நினைக்க நினைக்க என்னவோபோல் இருக்கிறது.

இருபது வருஷம் முன்பு மனை வாங்கும்போது யாரும் என்னை ஊர் எது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
திருநாவுக்கரசு


சிதம்பரம்
28-11-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்றுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். ஒரு வாரமாக ராசம்மாளோடு கடலூர் ஆஸ்பத்திரியில் இருந்ததில் எனக்கும் உடம்பு அசந்துவிட்டது. அவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு டாக்டர் சொன்னதை எழுதுகிறேன். வலது தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாள், ஆனால் கம்பு வேண்டும். நின்று சமைக்க முடியாது. ஹாஸ்டலில் வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். மழை ஈரத்தில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய மோட்டார் சைக்கிள் அவள்மேல் ஏறிவிட்டது. கேட் பூட்டியதிலிருந்து அவள் தினமும் அந்த ரோட்டில்தான் போய்வந்தாள். இதை நான் எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும்.

கனிமொழி உங்களைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுத நினைத்தேன். அப்படி எழுத என்னால் முடியவில்லை.

பழப்பையைக் கீழே வைக்காமலே அவள் கட்டில் பக்கத்தில் நின்றீர்கள். நான் ஜன்னல் ஓரத்தில் இருந்தேன். உங்கள் முகம் எனக்குத் தெரிந்தது, நீங்கள் ஒன்றும் பேசவில்லை. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் ஏதோ சொன்னாள், நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். இந்தக் காது போனதிலிருந்து எத்தனையோ பேச்சு எனக்குத் தப்பிப்போனது. அது தப்பிப்போனதில்தான் ஜாஸ்தி வருத்தம். நீங்கள் போன பிறகு அவளைக் கேட்டேன். சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

என்ன சொன்னாள் அண்ணே?

தங்கை,
ஜெயராணி


கடலூர்
21-12-2025

அன்புத் தங்கைக்கு,

நீ உடம்பைப் பார்த்துக்கொள். சளி பிடித்தால் காதுக்கு இன்னும் சிரமம்.

அவள் சொன்னது இதுதான்: “கேட்டப் பூட்டனது நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும் மாமா. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க.” அவ்வளவுதான். திட்டுவாள் என்று நினைத்துப் போயிருந்தேன். அதற்கு வேண்டிய பதிலெல்லாம் பஸ்ஸிலேயே தயார் செய்திருந்தேன்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இந்த மாதச் சங்கக் கூட்டம் பழனிவேல் சார் வீட்டு மாடியில் நடந்தது. குடிநீர், தெருநாய் எல்லாம் பேசி முடித்த பிறகு நான் எழுந்தேன். பவானியிடம்கூடச் சொல்லிவிட்டுப் போகவில்லை. “எனக்கு ஊரு நத்தமேடு. ரோட்டுல அடிபட்டுக் கெடக்கிறது என் அத்தை மகள். அந்தக் கேட்டை எடுத்துடுங்க” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யார் முகத்திலும் ஆச்சரியமே இல்லை.

பழனிவேல் சார்தான் பேசினார். “அது எங்களுக்கு ஆரம்பத்துலயே தெரியும் சார். அதுல என்னா இருக்கு? இங்க யாரும் வித்தியாசம் பாக்கறதில்ல. அதனாலதான உங்கள மொதல்ல பேசச் சொன்னோம். நாங்க பேசியிருந்தா அது வேற மாதிரி ஆயிருக்கும்.” கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை ஜெயராணி. எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு டீ டம்ளரை என் கையில் கொடுத்தார். நானும் வாங்கிக் குடித்தேன்.

கேட் விஷயத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். காலையில் கொஞ்ச நேரம் திறந்து வைப்பார்களாம். நகரில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வந்து போக வசதியாக.

மறு வாரம் நத்தமேட்டுப் பொம்பளைகள் புதிதாக மனு கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, நானும் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அதிகாரி என்னை அடையாளம் கண்டுகொண்டார். “சார், நீங்கதான வேணாம்னு பேசினீங்க?” என்றார். ஆமாம், இப்போது வேண்டும் என்கிறேன் என்றேன். அந்த வேலை வேறு இடத்துக்கு மாறிப்போய்விட்டது, இனி புதிதாக வந்தால் பார்க்கலாம் என்றார்.

யாருக்கும் தெரியாது என்று நான் இருபது வருஷம் மூடி வைத்திருந்ததை எல்லோரும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடி வைத்திருக்கிறார்கள். அதைக் காப்பாற்றத்தான் அவள் வாயை மூடினாள். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
திருநாவுக்கரசு


சிதம்பரம்
29-12-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடியாக முடிந்தது. அண்ணிக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா சொல்லவில்லை, வாருங்கள்.

நீங்கள் எழுந்து நின்று சொன்னதைப் படித்து அழுதேன். அந்த மனிதர் சொன்னதைப் படித்து அழுகை நின்றுவிட்டது.

ராசம்மாளிடம் இதைச் சொல்லாதீர்கள் அண்ணே. காலும் போய், வேலையும் போய், தெருவில் பேரும் கெட்டு இருக்கிறாள். மாமாவைக் காப்பாற்றினோம் என்ற ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அதுவும் வீண் என்று இந்த நேரத்தில் அவளுக்குத் தெரிய வேண்டாம். சொன்னால் உங்கள் பாரம் குறையும். அவளுக்குக் கூடும்.

அவளைப் போய்ப் பாருங்கள். போய்க்கொண்டே இருங்கள். இதை மட்டும் சொல்லாதீர்கள்.

தங்கை,
ஜெயராணி


கடலூர்
11-1-2026

அன்புத் தங்கை ஜெயராணிக்கு,

பொங்கலுக்கு அவசியம் வருகிறோம். பவானி இப்போதே பை எடுத்து வைத்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று எழுது. முழங்காலைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை, இருக்கிறது.

உன் கடிதம் கிடைப்பதற்குள் நான் ராசம்மாளிடம் போய்வந்துவிட்டேன். முந்தின நாள் போனேன். உன் பதிலுக்குக் காத்திருந்திருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

நத்தமேட்டில் அவள் வீட்டுக்குள் நான் கால் வைத்து எத்தனை வருஷம் ஆயிற்றென்று எனக்கே கணக்கில்லை. வாசலில் கட்டிலைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லீவில் வந்திருந்த கனிமொழி உள்ளே அடுப்படியில் நின்றாள், திரும்பவில்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சங்கக் கூட்டத்தில் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர்களுக்கு முன்பே தெரியுமாம், நீ பேசாமல் இருந்தது வீணாகிவிட்டது, என்னால் உனக்கு இவ்வளவும் வந்தது என்றேன்.

அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நம்ம தெருப் பொண்ணுங்க நாலஞ்சு பேரு அந்த நகர்லதான மாமா பாத்திரம் தேய்க்குதுங்க. நீங்க வீடு கட்டன வருசமே அவுங்க எல்லாருக்கும் தெரியும்.”

“உனக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்பறம் ஏன் பேசாம உக்காந்த?”

“அவுங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியாதுல்ல” என்றாள். “நான் வாயத் தொறந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அத்தினி பேரு முன்னாடி மைக்கப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. எங்க போவீங்க?”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. கனிமொழி கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அவளுக்கும் அம்மா அதுவரை சொன்னதில்லை போலிருக்கிறது. அப்புறம் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது கேட் பூட்டியிருந்தது. சாவியை நான் எடுத்துப் போகவில்லை. மெயின் ரோட்டில் நடந்தேன். ஆலையில் அரவை தொடங்கிவிட்டதால் கரும்பு லாரி ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் இறங்கி, முள்செடிக்குள் நின்று, போன பிறகு ஏறி நடக்க வேண்டியிருந்தது. முழங்காலோடு வீடு வந்து சேர நன்றாக இருட்டிவிட்டது.

“எங்க போயிருந்தீங்க இவ்ளோ நேரம்?” என்று பவானி கேட்டாள். பழனிவேல் சார் அப்போது எங்கள் வாசலில்தான் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

“ஊருக்கு” என்றேன்.

அண்ணன்,
திருநாவுக்கரசு